பி ஃபேஸ் மைனஸ் காட்டுகிறது: மண்டபத்தில் மாட்டிய பவர் லாகரை நம்பலாமா?

கேள்வி: மண்டப மேலாளர், கும்பகோணம்

அரசலாற்றுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தை நிர்வகிக்கிறேன். முகூர்த்தமே இல்லாத ஆடியிலும் மார்கழியிலும்கூட மின் கட்டணம் கனமாக வருகிறது. பூட்டிக் கிடக்கும் கட்டடம் எதைத் தின்கிறது என்று முதலாளி ஒவ்வொரு முறையும் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. அதற்காகத்தான் திருச்சியிலிருந்து ஒரு பவர் லாகரை, அதாவது மின் சுமையை நேரத்தோடு பதிந்து வைக்கும் கருவியை, வாடகைக்கு எடுத்து வந்தோம். ஆனியின் கடைசி முகூர்த்தத்தன்று மெயின் பேனலில் மாட்டிப் பார்த்தோம்.

மூன்று ஃபேஸிலும் ஏறத்தாழ 30 ஆம்பியர், 240 வோல்ட். ஆனால் கிலோவாட் இப்படி வந்தது: ஆர் (சிவப்பு) 6.1, ஒய் (மஞ்சள்) 0.3, பி (நீலம்) மைனஸ் 6.3. கூட்டினால் ஏறக்குறைய பூஜ்யம். ஆயிரம் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் அது! எலக்ட்ரீஷியன் பி கிளாம்பை, அதாவது கேபிளைக் கவ்வி கரண்டை அளக்கும் வளையத்தை, திருப்பி மாட்டினார். மைனஸ் போய், மொத்தம் 12.7 என்று வந்தது. அவர் சரியாகிவிட்டது என்கிறார். ஒய் ஃபேஸ் மட்டும் ஏன் இன்னும் 0.3-லேயே நிற்கிறது? எத்தனை நாள் மாட்டி வைக்க வேண்டும்?

பதில்: மின்தணிக்கையாளர், தஞ்சாவூர்

தம்பி, உங்கள் சந்தேகம் மிகச் சரியானது. அந்த 12.7-ஐ எங்கும் எழுதி வைக்காதீர்கள்.

ஒரு கிளாம்ப் மட்டும் திரும்பியிருந்தால் அந்த ஒரு ஃபேஸ் மட்டுமே மைனஸ் காட்டும். மற்ற இரண்டும் ஒழுங்காக இருக்கும். உங்களுக்கோ ஒன்று சரி, ஒன்று பூஜ்யத்துக்குப் பக்கத்தில், ஒன்று மைனஸ். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஒய், பி இரண்டின் வோல்டேஜ் வயர்களும் இடம் மாறியிருக்கின்றன என்று பொருள். ஒய் கேபிளின் கரண்டை பி ஃபேஸின் வோல்டேஜோடு பெருக்கிக்கொண்டிருக்கிறது கருவி. ஃபேஸ்களுக்கிடையே 120 டிகிரி இடைவெளி இருப்பதால், உங்கள் மண்டபத்தின் பவர் ஃபேக்டரான (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டாக ஆகும் பங்கு) 0.85-க்கு அந்தப் பெருக்கல் ஒரு பக்கம் கிட்டத்தட்ட பூஜ்யமாகவும், மறுபக்கம் முழு மைனஸாகவும் வந்து நிற்கும். ஆர் ஃபேஸில் வந்த 6.1 மட்டுமே உண்மை. மூன்றிலும் சுமை ஒன்றுபோல இருந்ததால் உங்கள் மண்டபம் அப்போது எடுத்தது ஏறத்தாழ 18.3 கிலோவாட். கிளாம்பைத் திருப்பியதால் மைனஸ் மறைந்ததே தவிர, தவறு அப்படியே இருக்கிறது. மைனஸ் இருந்தவரையாவது யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள்.

மெயினை அணைத்துவிட்டு, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, வோல்டேஜ் கிளிப்புகளை மாற்றுங்கள். பி கிளாம்பையும் பழையபடி திருப்புங்கள். அதன் மேலுள்ள அம்புக்குறி மண்டபத்தின் சுமை இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். டேப் நிறத்தை நம்பாதீர்கள். நம் பக்கத்தில் 2018 கஜா புயலுக்குப் பிறகு அவசர அவசரமாகக் கேபிள் மாற்றிய கட்டடங்கள் பலவற்றில், சிவப்பு டேப் சுற்றிய வயர் மறுமுனையில் மஞ்சளாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மாட்டி முடித்ததும் பவர் ஃபேக்டர் வரிசையைப் பாருங்கள். மூன்றும் அருகருகே இருந்தால் மட்டுமே பதிவைத் தொடங்குங்கள்.

கருவியின் கடிகாரத்தையும் பாருங்கள். ஒரு கல்லூரி விடுதியில் முற்பகல், பிற்பகல் மாறியிருந்ததைக் கவனிக்காமல் ஒரு வாரம் முழுக்கப் பதிவு செய்தேன். பகல் 2 மணிக்கு ஏறும் சுமை நள்ளிரவில் ஏறுவதாகக் காட்டியது. அந்த வரைபடத்தை வைத்து நிர்வாகத்திடம் பேசியும்விட்டேன். அடுத்த நாள் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டது இன்றும் மறக்கவில்லை.

குறைந்தது ஏழு நாள் வையுங்கள். உங்கள் கேள்விக்கு ஆளில்லாத நாட்களே முக்கியம். ஆடி இதற்கு நல்ல மாதம். பதிவு இடைவெளி ஒரு நிமிடமாக இருக்கட்டும். 15 நிமிடச் சராசரியில் ஓடி ஓடி நிற்கும் மோட்டார் கரைந்துபோய், ஒரே சீரான சுமைபோலத் தெரியும். ஜெனரேட்டர் இருந்தால், கிளாம்ப் சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்கு (மின்வாரிய இணைப்பிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) முன்பா பின்பா என்று குறித்து வையுங்கள். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மின்வாரிய மீட்டரைப் படம் எடுங்கள். லாகரின் யூனிட்டும் மீட்டரின் யூனிட்டும் நூற்றுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் விலகினால் எங்கோ பிழை.

வாடகைக் கருவியின் கிளாம்ப் எத்தனை ஆம்பியருக்கானது? 1000 ஆம்பியர் கிளாம்பில் 7 ஆம்பியரை அளப்பது, மூட்டை எடைபோடும் தராசில் மஞ்சள்தூள் நிறுப்பதுபோல. சிறு கிளாம்ப் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மெல்லிய வயராக இருக்கும் இடத்தில், அதே வயரைக் கிளாம்புக்குள் ஐந்து முறை சுற்றி எடுத்து, வரும் எண்ணை ஐந்தால் வகுங்கள்.

பதில்: அரிசி ஆலை, மன்னார்குடி

தஞ்சாவூர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் ஆலையில் டிரையர் விசிறிக்கு லாகர் மாட்டியபோது ஒரு ஃபேஸ் மட்டும் 3 ஆம்பியர் குறைவாகவே காட்டியது. டாங் டெஸ்டரில் (கையில் பிடித்து கேபிளைக் கவ்வி அளக்கும் மீட்டர்) அளந்தால் மூன்றும் சமம். பிறகு கிளாம்பைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு தாடைகளும் சேரும் முகத்தில் தவிட்டுத் தூசி மெல்லிய படலமாக அப்பியிருந்தது. விரலால் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. மயிரிழை இடைவெளி இருந்தாலும் அளவு குறைந்துவிடும். பழைய வேட்டித் துணியால் துடைத்தேன், மூடும்போது ‘டக்’ என்ற சத்தம் வந்தது, அளவும் நேரானது. உப்புத்தாளால் தேய்த்துவிடாதீர்கள், முகம் கெட்டுவிடும். மண்டபத்துச் சமையலறைப் பேனலிலும் எண்ணெய்ப் புகை படியும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயா, வயரை மாற்றினோம். பவர் ஃபேக்டர் மூன்றும் 0.8-க்கு மேல் அருகருகே வந்தன. சிறு கிளாம்பும் கிடைத்தது. ஏழு நாள் முடிந்து நேற்றிரவு வரைபடத்தைத் திறந்தேன்.

மண்டபத்தில் காவலாளியைத் தவிர ஒருவரும் இல்லை. ஆனாலும் 40 நிமிடத்துக்கு ஒரு முறை 4.3 கிலோவாட் எழுந்து, 12 நிமிடம் நின்று, விழுகிறது. நள்ளிரவு 1 மணிக்கும் அதே, விடியற்காலை 4 மணிக்கும் அதே, சீப்பின் பற்களைப்போல. சம்ப்பிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் 5 எச்.பி. மோட்டார் அது! ஒரு நாளைக்கு 36 முறை, ஏறத்தாழ 31 யூனிட். பூட்டிய நாளில் மண்டபத்தின் மொத்தச் செலவே 45 யூனிட்தான்.

காலையில் பிளம்பரோடு ஏறிப் பார்த்தேன். தண்ணீர் ஏற்றும் குழாயைத் தொட்டியின் அடியில் இணைத்திருக்கிறார்கள். சம்ப்புக்குள் குழாயின் அடிமுனையில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வில் மணல் சிக்கி, அது மூடவே இல்லை. ஏற்றிய தண்ணீர் அதே குழாய் வழியாகச் சம்ப்புக்கே இறங்கிவிடுகிறது. மட்டம் குறைந்ததும் ஆட்டோமேட்டிக் சுவிட்ச் மறுபடி ஏற்றுகிறது. எங்கும் ஒரு சொட்டு ஈரம் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. சம்ப் மூடியைத் தூக்கியபோது, மோட்டார் நின்றிருந்த நேரத்திலும் தண்ணீர் அடியிலிருந்து மெல்லக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. எத்தனை ஆண்டாக இப்படியோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

பதில்: மின்தணிக்கையாளர், தஞ்சாவூர்

நன்றாகக் கண்டுபிடித்தீர்கள், தம்பி. ஃபுட் வால்வைக் கழற்றி மணலைக் களைவதோடு, ஏற்றும் குழாயைத் தொட்டியின் மேல்பக்கமாக, வாய் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கும்படி உள்ளே விடச் சொல்லுங்கள். அப்படி விட்டால் வால்வு மறுபடி பழுதானாலும் தொட்டித் தண்ணீர் இறங்காது. கருவியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், பழுது பார்த்த பிறகும் இரண்டு நாள் பதிவு செய்யுங்கள். முதலாளியிடம் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

மீதி 14 யூனிட் இருக்கிறதே? இரவு பகலாக அரை கிலோவாட்டுக்கும் சற்று மேல். காவலாளி அறை விளக்குக்கு இவ்வளவு ஆகாது. சமையலறையில் ஃப்ரீசர் ஏதாவது வெறுமனே ஓடுகிறதா?

கேள்வி கேட்டவர்

இரண்டு இருக்கின்றன, ஐயா. ஆனி முகூர்த்தத்தோடு காலி செய்த பெட்டிகள். சாவி சமையல் ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறது. மாலையில் வாங்கித் திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.