பேட்டரியா, சார்ஜரா? மோட்டார்ஹோம்காரர்களின் அனுபவங்கள்

மார்க்கம், ஒன்டாரியோவிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். மோட்டார்ஹோமில் விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருகிற பேட்டரிகள் சீக்கிரமே செத்துப்போவதாக இங்கே பலர் சொல்கிறீர்கள். புதுப் பேட்டரிக்குப் பணம் கொடுக்கும் முன் வண்டிக்குள் இருக்கும் சார்ஜரை அளந்து பாருங்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வண்டி 90களின் கடைசியில் வந்த ஃபோர்டு ஈ-450. பழையதாக வாங்கினோம். முன்பு வைத்திருந்தவர் ரசீதுகளை ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தார். அதைப் புரட்டினால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப் பேட்டரி. அதுவும் மட்டமானவை இல்லை, கோல்ஃப் வண்டிக்குப் போடுகிற 6 வோல்ட் பேட்டரிகள், இரண்டைத் தொடராக இணைத்து 12 வோல்ட்டாக்கியது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஐந்தாறு வருடம் தாராளமாக உழைப்பவை.

காரணம் அல்கொன்குவின் பார்க்கில்தான் பிடிபட்டது. அங்கே மியூ லேக் முகாமில் மின் இணைப்புள்ள இடத்தில் நிறுத்தியிருந்தோம். இரவில் கேஸ் அலாரம் அலறத் தொடங்கியது. பிள்ளைகளை எழுப்பி வெளியே கொண்டுபோய், சிலிண்டரை மூடி, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து விட்டோம். காற்றாடிய பின்பும் அலாரம் நிற்கவில்லை. கூமுட்டை நாற்றம் வேறு. புரொப்பேனுக்குச் சேர்க்கும் வாசனையும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்பதால் முதலில் கேஸ் கசிவு என்றே நினைத்தோம். நாற்றம் வந்தது வாசல் படிக்கட்டுக்குக் கீழே உள்ள பேட்டரிப் பெட்டியிலிருந்து. பேட்டரி தொட முடியாத சூடு. உள்ளே ஆசிட் கொதிக்கிற சத்தம் கேட்டது. வெளி மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகுதான் எல்லாம் அடங்கியது. அதிகமாகச் சார்ஜ் ஆகிற பேட்டரி ஹைட்ரஜன் விடும், முற்றினால் ஹைட்ரஜன் சல்பைடும் விடும். கேஸ் அலாரம் அதற்கும் அடிக்கும். ஆனாலும் அலாரம் அடித்தால் முதலில் ஆட்களை வெளியே எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

வீட்டுக்கு வந்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். இரண்டு முழு நாள் இணைப்பில் இருந்த பிறகும் பேட்டரி முனையில் 14.1 வோல்ட். நிறைந்த பேட்டரிக்கு அந்த நேரம் 13.2 முதல் 13.6 வரை போதும். அதற்கு மேல் நாள்கணக்கில் கொடுத்தால் அந்த மின்சாரம் பேட்டரியில் சேராது, உள்ளே இருக்கும் தண்ணீரைப் பிரித்து வாயுவாக்கும். தண்ணீர் இறங்கித் தகடு வெளியே தெரிந்துவிட்டால் அந்தப் பகுதி காய்ந்து கெட்டுவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பழைய கொள்ளளவு வராது. வண்டியோடு வந்த சார்ஜர் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய வகை. பேட்டரி நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் ஒரே அளவில் தள்ளிக்கொண்டே இருக்கும்.

மாற்றியது புரோகிரெசிவ் டைனமிக்ஸ் 9200 வரிசையில் 45 ஆம்பியர் சார்ஜர். எங்கள் பேட்டரி ஏறக்குறைய 220 ஆம்பியர்-மணி. திரவ ஆசிட் பேட்டரிக்குக் கொள்ளளவில் பத்திலிருந்து இருபது சதவீதம் மின்னோட்டம் சரியாக இருக்கும் என்று கணக்குப் பார்த்து எடுத்தது. பேட்டரி இறங்கியிருந்தால் 14.4 கொடுக்கும், பிறகு 13.6க்கு வரும், முப்பது மணி நேரம் பெரிதாக எதுவும் பாவிக்காவிட்டால் 13.2க்கு இறங்கிவிடும். அந்த நிலையில் 21 மணி நேரத்துக்கு ஒரு தடவை 15 நிமிடம் மட்டும் 14.4க்கு ஏறி ஆசிட்டைக் கலக்கிவிடும். நிறுத்தி வைக்கிற வண்டிக்கு இந்தக் கடைசி நிலைதான் உயிர்.

பொருத்தும்போது வெளி மின் இணைப்பைக் கழற்றி, பேட்டரியின் நெகட்டிவையும் கழற்றிய பிறகே கை வையுங்கள். ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் இருந்தால் அவையும் நிற்கட்டும். வட அமெரிக்க வண்டிகளில் வெள்ளைக் கம்பி இரண்டு பக்கமும் வரும். 120 வோல்ட் பக்கத்தில் அது நியூட்ரல், 12 வோல்ட் பக்கத்தில் பெரும்பாலும் நெகட்டிவ். கறுப்பும் அப்படியே: ஒரு பக்கம் மின்சாரம் வரும் 120 வோல்ட், இன்னொரு பக்கம் 12 வோல்ட் பாசிட்டிவாக இருக்கலாம். நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்து, டேப்பில் எழுதி ஒட்டி, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரிக் கம்பியை ஒரு நொடி மாற்றித் தொட்டாலும் சார்ஜரின் பாதுகாப்பு பியூஸ்கள் போய்விடும். 120 வோல்ட் பக்கம் பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

லெஸ்டர், இங்கிலாந்திலிருந்து

அண்ணா, நன்றி. எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். வண்டிக்குள் விளக்கு, ஹீட்டருக்கெல்லாம் மின்சாரம் தரும் பேட்டரியை இங்கே லெஷர் பேட்டரி என்போம். பழைய ஆசிட் பேட்டரி முடிந்ததும், கடையில் சொன்னபடி ஏஜிஎம் பேட்டரி (ஆசிட் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் மூடிய வகை) போட்டார்கள். "அப்படியே மாற்றலாம், வேறு எதுவும் வேண்டாம்" என்றார்கள். ஒரு குளிர்காலம் போவதற்குள் இரவு ஹீட்டர் ஓடினாலே வோல்ட் விழத் தொடங்கிவிட்டது. கடைக்காரர் பேட்டரி கோளாறு என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அளந்தபோது எங்கள் சார்ஜர் 14.3க்கு மேல் ஏறவே இல்லை. நான் வாங்கிய ஏஜிஎம்முக்கு அதன் காகிதத்தில் போட்டிருந்தது 14.7. அரைவயிற்றோடு நாள்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். ஏஜிஎம் அமைப்பு உள்ள சார்ஜர் மாற்றிய பிறகு, அதே வகைப் புதுப் பேட்டரி இப்போது நன்றாக இருக்கிறது.

யூரோ 6 எஞ்சின் (ஐரோப்பியப் புகை விதிப்படி வந்த புது வகை) வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். அவற்றில் பலவற்றில், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி நிறைந்ததும் வோல்ட்டைக் குறைத்துவிடும். வெறும் ரிலே வைத்து லெஷர் பேட்டரிக்கு இழுத்தால் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் நிறையாது. பேட்டரியிலிருந்து பேட்டரிக்கு ஏற்றும் தனிச் சார்ஜர் வேண்டும். சில பழைய சார்ஜர்களில் ஜெல், ஆசிட் என்று மாற்றும் சின்ன சுவிட்சும் இருக்கும். அது சரியான பக்கம் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

கல்கரியிலிருந்து

அண்ணா, இரண்டு கேள்வி. குளிர்காலத்தில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கிறீர்களா? நான் லித்தியத்துக்கு மாற யோசிக்கிறேன், உங்களிடம் உள்ள சார்ஜரே போதுமா?

மார்க்கத்திலிருந்து மறுபடி

தம்பி, நான் கழற்றுவதில்லை. நிறைந்த ஆசிட் பேட்டரி மைனஸ் 50க்கும் உறையாது. தீர்ந்துபோனது மைனஸ் 10க்குப் பக்கத்திலேயே உறைந்து கூடு பிளந்துவிடும். அதனால் குளிரை நினைத்துப் பயப்படுவதை விட இறங்கிக் கிடப்பதை நினைத்துத்தான் பயப்பட வேண்டும். எனக்கு வாசலிலேயே மின் இணைப்பு இருப்பதால் சார்ஜரிலேயே விட்டுவிடுகிறேன். உங்களுக்கு அந்த வசதி இல்லையென்றால் முழுதாகச் சார்ஜ் பண்ணி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். கேஸ் அலாரம், ரேடியோ, ஃபிரிட்ஜ் போர்டு எல்லாம் சுவிட்ச் அணைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

லித்தியத்துக்கு இதே சார்ஜர் வேண்டாம். 14.4 அல்லது 14.6 வரை நின்று நிறைக்கிற லித்தியம் அமைப்பு உள்ளதாக எடுங்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் பண்ணவே கூடாது. நல்ல பேட்டரியில் உள்ளே இருக்கிற பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சுற்று தானாகவே தடுத்துவிடும். ஆனால் கல்கரிக் குளிருக்கு அது போதாது, உள்ளேயே ஹீட்டர் வைத்த லித்தியம் பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பேட்டரியைப் படிக்கட்டுக்குக் கீழிருந்து எடுத்து, ஹீட்டர் சூடு எட்டுகிற மாதிரி வண்டிக்குள்ளே வைக்க வேண்டும்.