செல்விக்குப் பிரசவ நேரம், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். கோவில்பட்டி பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். வீட்டில் நான்கு கன்னி இன ஆடுகள். அதில் செல்விக்கு இதுதான் தலையீற்று.

நேற்று மதியம் அம்மா போனில், "செல்வி காலையிலேர்ந்து சரியா சாப்பிடல, படுக்குறதும் எந்திரிக்கிறதுமா இருக்கா" என்றார். "வலி வந்தா உடனே சொல்லுங்க, ஓடி வந்துர்றேன்" என்றேன். பக்கத்தில் நின்ற மேலாளர், "மொதல்ல கெளம்புப்பா" என்று ஆஸ்பத்திரி செலவுக்குப் பணத்தையே நீட்டிவிட்டார். ஆடு என்றதும் அலுவலகமே சிரித்து ஓய்ந்தது. நல்ல மனுஷன், லீவை ரத்து செய்யவில்லை.

செல்வி இன்னும் ஈனவில்லை. கிடாயோடு சேர்ந்த தேதியிலிருந்து 150 நாள் கணக்கு இந்த வாரம் முடிகிறது. மடி இறுகிப் பளபளக்கிறது, வாலடியில் இருபுறமும் குழி விழுந்திருக்கிறது. இனி எவ்வளவு நேரம் ஆகும்? தினமும் லீவு கேட்க முடியாது.

அவசரத்துக்கு கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962 இருக்கிறது, சரி. என் கவலை சீம்பால்தான். குட்டி விழுந்து ஒரு மணி நேரத்துக்குள் குடித்தாக வேண்டும். தலையீற்று ஆடு குட்டியை மடியில் வாய் வைக்க விடாமல் உதைத்தால், முழங்கால் வலியுள்ள அம்மா தனியாளாக எப்படிப் பிடித்து ஊட்டுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.