இறுதியாண்டு ஆய்வுத் திட்டம்: "இலை நோய் கண்டறிதல்" என்ற தலைப்பை எங்கே வெட்டுவது?

கடைசி_செமஸ்டர்

வணக்கம். கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவி. இரண்டு வாரத்தில் தலைப்பைக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு செய்து முடிக்க 16 வாரம். குழு கிடையாது, தனியாகத்தான் செய்கிறேன். சாதாரண லேப்டாப், ஜிபியு (பயிற்சியை வேகமாக ஓட்டும் சிப்) இல்லை. பைத்தான் தெரியும், பைடார்ச் (டீப் லேர்னிங் நிரல் நூலகம்) ஓரளவு தெரியும்.

"டீப் லேர்னிங் மூலம் தாவர இலை நோய் கண்டறிதல்" என்று எழுதிக் கொடுத்தேன். "இது தலைப்பா, துறையா?" என்று கைடு திருப்பி அனுப்பிவிட்டார். பிளான்ட்வில்லேஜ் என்ற இலைப்பட டேட்டாசெட்டில் வந்த பேப்பர்களைப் பார்த்தால் எல்லாமே 98, 99 சதவீதம் சரியாகக் கண்டறிகின்றன. அதற்கு மேல் நான் செய்ய என்ன இருக்கிறது? தலைப்பையே மாற்றட்டுமா? இதையே குறுக்கலாம் என்றால் எங்கே வெட்டுவது?

வழுநோக்கி

மாற்ற வேண்டாம், தரவு கையில் இருக்கிற துறை இது. தலைப்பு தேடும்போது பலரும் கோட்டைவிடுவது அங்கேதான். ஆனால் 99க்கு மேல் என்ன என்று யோசிக்காதீர்கள். அந்த 99 எந்த இடத்தில் உடைகிறது என்று பாருங்கள்.

பிளான்ட்வில்லேஜில் 54,306 படங்கள், 14 பயிர்கள், 38 வகுப்புகள் (பயிரும் நோயும் சேர்ந்த வகைகள்). இலையைப் பறித்து, ஒரே மாதிரியான பின்னணியில் வைத்து எடுத்த படங்கள் அவை. 2016இல் மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே மூவரும் வெளியிட்ட பேப்பரில் 99.35 சதவீதம் வந்தது. வேறு இடங்களிலிருந்து திரட்டிய படங்களைக் கொடுத்தபோது, பயிற்றுவித்த அந்த மாதிரி (மாடல்) சுமார் 31 சதவீதத்துக்கு விழுந்துவிட்டது. இதை அவர்களே அதே பேப்பரில் எழுதியிருக்கிறார்கள். பேஸ் பேப்பர் (திட்டத்துக்கு அடிப்படையான பேப்பர்) என்று இதைக் காட்டுகிறவர்கள் பலர் முதல் எண்ணோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

2022இல் வந்த இன்னோர் ஆய்வு இலையையே விட்டுவிட்டது. ஒவ்வொரு படத்தின் பின்னணியிலிருந்தும் வெறும் 8 பிக்சல்களை எடுத்துப் பயிற்றுவித்தார்கள்; 49 சதவீதம் சரியாக வந்தது. 38 வகுப்பில் குருட்டாம்போக்கில் சொன்னால் 2.6 சதவீதம்தான் வர வேண்டும். ஒரு நோயின் படங்களை ஒரே அமர்வில், ஒரே வெளிச்சத்தில், ஒரே தாள் மேல் வைத்து எடுத்தால் நோயின் பெயரைப் பின்னணியே காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் தலைப்பு இந்த ஓட்டைக்குள் இருக்கிறது. ஆய்வுக் கேள்வி என்று ஒன்று எழுதினால் அதில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: எதை மாற்றுகிறேன், எதை அளக்கிறேன், எதோடு ஒப்பிடுகிறேன். நீங்கள் கொடுத்த தலைப்பில் மூன்றுமே இல்லை. இப்படி வைத்துப் பாருங்கள்:

"ஆய்வகப் படங்களில் பயிற்றுவித்த தக்காளி இலை நோய் மாதிரியை இயல்பான பின்னணிப் படங்களுக்குப் பழக்க, வகுப்புக்கு எத்தனை புதிய படங்கள் தேவை?"

மாற்றுவது படங்களின் எண்ணிக்கை. அளப்பது புதிய படங்களில் கிடைக்கும் அக்யூரசி (எத்தனை சதவீதம் சரி). ஒப்பீடு, புதிய படம் ஒன்றுகூடச் சேர்க்காத மாதிரியோடு. பிளான்ட்வில்லேஜில் தக்காளி மட்டும் 18,160 படங்கள், 10 வகுப்புகள். புதிய படங்களுக்கு பிளான்ட்டாக் என்ற டேட்டாசெட் இருக்கிறது: இணையத்திலிருந்து திரட்டிய 2,598 படங்கள், 13 தாவர இனங்கள்.

இந்தக் கேள்வியில் எனக்குப் பிடித்தது, விடை எப்படி வந்தாலும் எழுதலாம். வகுப்புக்கு 20 புதிய படத்தில் அக்யூரசி ஏறினாலும் முடிவுதான், ஏறாவிட்டாலும் முடிவுதான். "என் மாதிரி மற்றவற்றைவிடச் சிறந்தது" என்று தலைப்பிலேயே எழுதிவிட்டு, 14ஆம் வாரத்தில் அது சிறந்ததாக இல்லை என்று தெரிந்தால் தப்பிக்க வழி கிடையாது.

கடைசி_செமஸ்டர்

நன்றி, இப்போதுதான் கைடு என்ன கேட்டார் என்று புரிகிறது. மூன்று சந்தேகம். சோதனைக்கு எத்தனை படம் ஒதுக்க வேண்டும்? ஜிபியு இல்லாமல் முடியுமா? கூடவே ஒரு மொபைல் ஆப்பும் செய்தால்தான் மதிப்பெண் கிடைக்கும் என்கிறார்கள் வகுப்பில். செய்யட்டுமா?

எண்கணக்கு

முதல் இரண்டுக்கும் கணக்கு போட்டே பதில் சொல்லிவிடலாம். தலைப்பைக் கொடுப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

அக்யூரசி p, சோதனைப் படங்கள் n என்றால், 95 சதவீத நம்பிக்கை எல்லை (உண்மையான அக்யூரசி இருக்கக்கூடிய வரம்பு) தோராயமாக p ± 1.96 × √(p(1−p)/n). 100 படத்தில் 80 சதவீதம் வந்தால் எல்லை ±8. 400 படம் என்றால் ±4. அதனால் 100 படத்தை வைத்துக்கொண்டு "2 சதவீதம் மேம்பட்டது" என்று எழுதினால் வைவாவில் முதல் கேள்வியே அங்கேதான் விழும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு படம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். பிளான்ட்டாக்கில் வகுப்புகள் சமமாக இல்லை; சிலவற்றில் படங்கள் மிகவும் சொற்பம். வகுப்புவாரியாக எண்ணிப் பார்த்து, 60 படமாவது உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் 40 சோதனைக்கு, மீதி 20 பயிற்சிக்கு. 6 வகுப்பு தேறினால் சோதனைக்கு 240 படம். 70 சதவீதம் வந்தால் எல்லை ±6 அளவில் இருக்கும். 5 படத்திலிருந்து 20 படத்துக்குப் போகும்போது 15, 20 புள்ளி மாறினால் இது தாராளமாகப் போதும். 3 புள்ளிதான் மாறுகிறது என்றால் "வேறுபாடு தெரியவில்லை" என்று நேர்மையாக எழுத வேண்டியதுதான். இரண்டு மாதிரிகளை ஒரே சோதனைப் படங்களில் ஒப்பிடும்போது மெக்நெமர் சோதனை (ஒன்று சரி, மற்றது தப்பு என்று வரும் படங்களை எண்ணும் புள்ளியியல் சோதனை) போடுங்கள். இரண்டு சதவீதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட அது கூர்மையானது.

ஓட்டங்கள்: படங்களின் எண்ணிக்கை 0, 5, 10, 20 என்று 4 நிலை, 2 மாதிரி, ஒவ்வொன்றுக்கும் 5 சீடு (தற்செயல் தேர்வை மாற்றி மாற்றி ஓட்டுவது). 40 ஓட்டம். ஒன்றுக்கு 10 நிமிடம் என்று வைத்தால் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். எல்லாவற்றையும் ஒருமுறை தப்பாக ஓட்டிவிட்டுத் திரும்ப ஓட்டுவீர்கள், அதனால் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். இலவச கோலாப்பில் (கூகுள் இணையத்தில் தரும் ஜிபியு வசதி) ஒரு அமர்வு அதிகபட்சம் 12 மணி நேரம், அதற்கு முன்பே அறுந்தும் போகலாம். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் முடிவைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள், கடைசியில் மொத்தமாக அல்ல. 5 சீடு ஏன் என்றால், வகுப்புக்கு 5 படம்தான் எனும்போது எந்த 5 என்பதிலேயே முடிவு தலைகீழாக மாறும்.

ஜிபியு இல்லாத வழியும் ஒன்று உண்டு. மொபைல்நெட் வி2 என்ற, ஏற்கெனவே பயிற்றுவித்த சிறிய பட மாதிரியின் கடைசி அடுக்குக்கு முந்தைய 1,280 எண்களை ஒவ்வொரு படத்துக்கும் ஒரே ஒரு முறை எடுத்துச் சேமித்துவிடுங்கள். 18,160 × 1,280 × 4 பைட், சுமார் 93 எம்பி. அதற்குப் பிறகு அந்த எண்களை வகைப்படுத்தும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற எளிய முறை உங்கள் லேப்டாப்பிலேயே சில நிமிடத்தில் ஓடும். முழு மாதிரியையும் பயிற்றுவிப்பதை இரண்டாவது வழியாக வைத்து இரண்டையும் ஒப்பிட்டால், "2 மாதிரி" என்று சொன்னேனே, அந்த இடமும் நிரம்பிவிடும்.

நூலடுக்கு

ஆப் பற்றி: வேண்டாம். ஆப் ஒரு பொருள், ஆய்வுக் கேள்விக்கு அது விடை ஆகாது. உங்கள் துறையின் மதிப்பெண் விதியில் செயல்விளக்கம் கட்டாயம் என்று எழுதியிருந்தால் மட்டும், படத்தை ஏற்றினால் விடை காட்டும் ஒற்றைப் பக்கத்தைக் கடைசி வாரத்தில் கட்டிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீம்லிட் (பைத்தானிலேயே வலைப்பக்கம் கட்டும் கருவி) போதும். விதித்தாளை வகுப்பில் கேட்காதீர்கள், நீங்களே படியுங்கள்.

வழுநோக்கி சொன்ன தலைப்பு நல்லதுதான், ஆனால் அதை அப்படியே எடுத்துப் போய்க் கொடுத்துவிடக் கூடாது. ஏற்கெனவே யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று ஒரு முழு நாள் தேடுங்கள். கூகுள் ஸ்காலரில் பிளான்ட்டாக் பேப்பரைப் பிடித்து, அதன் கீழே "இதை மேற்கோள் காட்டியவை" பட்டியலைத் திறந்து, அதற்குள்ளேயே தேடும் பெட்டியில் "டொமைன் ஷிஃப்ட்" (பயிற்சிப் படங்களும் சோதனைப் படங்களும் வேறு மாதிரி இருப்பது), "ஃபியூ ஷாட்" (மிகச் சில படங்களில் கற்பது) இரண்டையும் ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள். 10, 12 பேப்பருக்கு ஒரு அட்டவணை: எந்தத் தரவு, எப்படிப் பிரித்தார்கள், எதை அளந்தார்கள், வரம்புகள் என்று கடைசியில் என்ன ஒப்புக்கொண்டார்கள். அந்த நான்காவது நெடுவரிசையில்தான் தலைப்புகள் கொட்டிக்கிடக்கும்.

யாரோ ஏற்கெனவே செய்திருந்தால் பதற வேண்டாம். இளநிலைத் திட்டத்துக்கு உலகத்திலேயே முதல் ஆளாக இருக்க வேண்டியதில்லை. பயிரை மாற்றலாம், அளவை மாற்றலாம், அவர்கள் தரவைப் பிரித்த விதம் தப்பு என்றால் சரியாகப் பிரித்து மறுபடி ஓட்டிக்காட்டலாம். ஆனால் "இதை இதுவரை யாரும் செய்ததில்லை" என்ற வாக்கியத்தை மட்டும் அறிக்கையில் எழுதாதீர்கள்.

வழுநோக்கி

தரவைப் பிரிப்பது பற்றி நூலடுக்கு சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். பிளான்ட்வில்லேஜில் ஒரே இலைக்குப் பல படங்கள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு 80:20 என்று கலைத்துப் பிரித்தால், பயிற்சியில் பார்த்த இலையே சோதனையிலும் வந்து நிற்கும். படம் வாரியாகப் பிரிக்காமல் இலை வாரியாகப் பிரியுங்கள். பிளான்ட்டாக்கில் ஒரே படம் வேறு அளவில் இரண்டு முறை இருக்கலாம். பெர்செப்சுவல் ஹாஷ் (ஒரே மாதிரித் தெரியும் படங்களைக் கண்டுபிடிக்கும் குறியீடு) போட்டு இரட்டைகளை எடுத்துவிடுங்கள். கற்றல் வேகம், எப்போது நிறுத்துவது போன்றவற்றைச் சோதனைப் படங்களைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. அந்த 240 படத்தையும் தனி ஃபோல்டரில் போட்டு மூடிவிடுங்கள்.

இன்னொன்று, தலைப்பைக் கொடுக்கும் முன் மீதியிருக்கும் இரண்டு வாரத்தை முன்னோட்டத்துக்குப் பயன்படுத்துங்கள். முதல் நாள், இரண்டு டேட்டாசெட்டையும் இறக்கி, பொதுவான வகுப்புகளைப் பெயர் பொருத்தி எண்ணுங்கள் (இரண்டிலும் பெயர்கள் ஒரே மாதிரி இருக்காது, கையால்தான் பொருத்த வேண்டும்). அடுத்து 8 பிக்சல் சோதனை: நான்கு மூலை, நான்கு விளிம்பின் நடு, ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3, ஆக 24 எண்கள், ஒரு ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்கள் சேர்ந்து வகைப்படுத்தும் முறை). லேப்டாப்பிலேயே ஒரு மாலையில் முடிந்துவிடும். பிறகு எண்கணக்கு சொன்ன 1,280 எண் முறையில் 0 படம், 20 படம் இரண்டு நிலையை மட்டும் ஓட்டுங்கள்.

60 படம் உள்ள வகுப்பு நான்குகூடத் தேறவில்லை என்றால் தக்காளியோடு நிற்காமல் மற்ற பயிர்களின் பொது வகுப்புகளையும் சேருங்கள். அப்போது தலைப்பிலிருந்து "தக்காளி" என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கடைசி_செமஸ்டர்

எண்ணிப் பார்த்துவிட்டேன். பொதுவான தக்காளி வகுப்புகளில் எதெது 60ஐத் தாண்டுகிறது என்று குறித்துவிட்டேன். பெயர் பொருத்துவதில்தான் ஒரு குழப்பம்: ஒன்றில் வெறும் "இலை" என்று இருப்பது மற்றதில் "ஆரோக்கியமானது" என்பதா?

வழுநோக்கி

ஆமாம், பிளான்ட்டாக்கில் நோய்ப் பெயர் இல்லாமல் "இலை" என்று மட்டும் இருந்தால் நோயில்லாத இலை. ஆனாலும் அந்த வகுப்பில் 20 படத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள். இணையத்திலிருந்து திரட்டியது, தப்பான லேபிள் இருக்கும். தப்பாகத் தெரிவதை நீக்காமல், எண்ணி அறிக்கையில் எழுதுங்கள்.

எண்கணக்கு

அந்த எண்ணிக்கை முக்கியம். 100க்கு 8 லேபிள் தப்பு என்றால், எவ்வளவு நல்ல மாதிரியும் 92ஐத் தாண்டுவது கடினம். கைடு "ஏன் 100 வரவில்லை" என்று கேட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.