பழைய அவுட்போர்டு மோட்டார்: ஸ்லோவில் உலுக்குகிறது, கியர் போட்டால் நின்றுவிடுகிறது

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது படகின் பின்னால் மாட்டும் 25 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டார். இரண்டு சிலிண்டர், ஒரே கார்புரேட்டர், 1993 மாடல். அப்பா வைத்திருந்த காலத்தில் ஒரே இழுப்பில் கிளம்பும். இப்போது இரண்டு மாதமாக ஸ்லோவில் (கைப்பிடியைத் திருகாமல் குறைந்த வேகத்தில்) விட்டால் படகின் பின்பலகையே அதிர்கிற மாதிரி உலுக்குகிறது. கியரைப் போட்டால் நாலைந்து முறை திக்கி நின்றுவிடுகிறது. ஆனால் கைப்பிடியைத் திருகி வேகம் எடுத்துவிட்டால் ஒரு குறையும் இல்லை, பழைய இழுவை அப்படியே இருக்கிறது.

கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவினேன். பிளக் இரண்டும் புதிது. பெட்ரோலும் புதிது, ஆயில் 50-க்கு 1. ஸ்லோவில் பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்குரூவை உள்ளே திருகத் திருகக் கொஞ்சம் தேவலாம் போலத் தெரிகிறது, மறுநாள் பார்த்தால் பழைய கதைதான். "பழைய மோட்டார், இப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1

கார்புரேட்டரை உண்மையிலேயே முழுதாகக் கழுவினீர்களா? முழு வேகத்துக்குப் பெட்ரோல் மெயின் ஜெட் வழியாக வருகிறது. ஸ்லோவுக்குத் தனி வழி, ஊசி முனை அளவுத் துளை. பெட்ரோல் பல மாதம் நின்று காய்ந்தால் முதலில் அடைவது அதுதான். ஸ்பிரே அடித்தால் மறுமுனையில் தாரையாக வர வேண்டும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

பதில் 2

தம்பி, முதலில் அந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வையுங்கள். நான் இருபத்தைந்து வருடமாக இந்த மோட்டார்களைப் பிரித்துப் பூட்டுகிறேன். ஸ்லோ சரியில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேர் என்ன கோளாறு என்று தெரியும் முன்பே மிக்சரைத் திருகிவிட்டுத்தான் வருகிறார்கள். அப்புறம் ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

இரண்டு சிலிண்டர் மோட்டார் ஸ்லோவில் உலுக்கினால் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதுதான். மோட்டாரை நிறுத்தி, மேல் பிளக்கின் ஒயரைக் கழற்றுங்கள். அதன் முனையில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அந்தப் பிளக்கின் உடல் இன்ஜின் இரும்பில் படும்படி கட்டிவையுங்கள். ஒயரை அந்தரத்தில் தொங்கவிட்டு ஓட்டினால் ஸ்பார்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் சிடிஐ யூனிட்டோ காயிலோ போய்விடலாம். இப்போது ஸ்டார்ட் செய்து பாருங்கள். பிறகு கீழ் ஒயருக்கும் இதையே செய்யுங்கள். எந்த ஒயரை எடுத்தபோது சத்தத்தில் மாற்றமே இல்லையோ, அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டுங்கள், அல்லது படகைக் கட்டிவைத்து ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் வாட்டர் பம்பின் ரப்பர் விசிறி சில விநாடிகளிலேயே தீய்ந்துவிடும்.

கூடவே கேஜ் வைத்துக் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு, பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, இரண்டுக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பது முக்கியம். கடைசியாக, பிளக் இரண்டையும் கழற்றி எது ஈரம், எது காய்ந்திருக்கிறது என்று எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா. சொன்னபடி செய்தேன். கம்ப்ரெஷன் மேலே 115, கீழே 112. மேல் ஒயரை எடுத்தால் மோட்டார் கிளம்பவே மறுக்கிறது. கீழ் ஒயரை எடுத்தால் துளி மாற்றமும் இல்லை. கீழ் பிளக் கறுப்பாக, பெட்ரோலில் நனைந்து வருகிறது. மேல் பிளக் நல்ல பழுப்பு நிறம். பிளக்குகளை இடம் மாற்றினேன், காயில்களையும் மாற்றினேன். அப்போதும் கீழே உள்ளதுதான் நனைகிறது. கீழே ஸ்பார்க் நீலமாக, பலமாகத்தான் அடிக்கிறது.

பதில் 2

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். ஒரே கார்புரேட்டர் இரண்டுக்கும் பெட்ரோல் கொடுக்கிறது, மேலே உள்ளது காய்ந்திருக்கிறது, கீழே மட்டும் நனைகிறது. அப்படியானால் கீழ் சிலிண்டருக்கு வேறு வழியாகப் பெட்ரோல் போகிறது. அந்த வழி, டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தள்ளும் பியூயல் பம்பாக இருக்கும் என்பது என் எண்ணம்.

இந்தப் பம்புக்குத் தனியாக எந்த இயக்கமும் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸில் காற்று அழுந்தித் தளரும். அந்தத் துடிப்பு ஒரு சின்னத் துளை வழியாக வந்து பம்பின் டயாபிரத்தை (மெல்லிய சவ்வை) ஆட்டுகிறது. உங்கள் பம்பு எந்தச் சிலிண்டரின் மேல் பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். கீழே என்றால் சந்தேகம் பாதி தீர்ந்தது. டயாபிரம் கிழிந்தால் பெட்ரோல் அந்தத் துளை வழியாகவே நேராக உள்ளே உறிஞ்சப்படும். வேகத்தில் நிறையக் காற்று போவதால் அதுவும் எரிந்துவிடும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்லோவில் மூழ்கிவிடும்.

பம்பை இன்ஜினிலிருந்து கழற்றுங்கள், பெட்ரோல் குழாய்களைக் கழற்ற வேண்டாம். பெட்ரோல் குழாயில் இருக்கும் கை பல்பை (ரப்பர் உருண்டையை) இறுக்கமாகும் வரை அமுக்கிவிட்டு, பம்பின் பின்பக்கத் துளையைப் பாருங்கள். அங்கே பெட்ரோல் எட்டிப்பார்க்கவே கூடாது. திறந்த இடத்தில், பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

பதில் 3

எனக்கும் இதே அறிகுறி வந்தது, ஆனால் காரணம், கார்புரேட்டரிலிருந்து கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வின் ஒரு இதழ் முனை உடைந்திருந்ததுதான். அதில் கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் புகையாகத் திரும்பித் துப்பும். பம்பு நன்றாக இருந்தால் அதையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அண்ணா, பம்பு கீழ் சிலிண்டரில்தான் பூட்டியிருக்கிறது. பல்பை நாலு தடவை அமுக்கினேன், பின்பக்கத் துளையில் பெட்ரோல் முத்துமுத்தாகத் திரண்டு விரலில் வழிந்தது. பிரித்து டயாபிரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மடிப்பு விழுந்த இடத்தில் நகக்கீறல் போல ஒரு கோடு. இழுத்தால்தான் வாய் திறக்கிறது. இதற்காக இரண்டு மாதம் கார்புரேட்டரைக் கழுவியிருக்கிறேன்.

புது டயாபிரம், கேஸ்கெட் எல்லாம் மாற்றியாயிற்று. உலுக்கல் போய்விட்டது. ஆனால் இப்போது ஸ்லோவில் அவ்வப்போது கார்புரேட்டர் வழியாக "டப்" என்று தும்முகிறது.

பதில் 2

அது நீங்கள் உள்ளே திருகிய ஸ்குரூவின் வேலை. கீழே பெட்ரோல் அதிகம் என்பதால் மொத்தத்தையும் குறைத்துவிட்டீர்கள். ஒழுக்கு நின்றதும் இரண்டு சிலிண்டரும் பட்டினி. தும்மல் பெட்ரோல் போதாததன் அடையாளம், அப்படியே ஓட்டாதீர்கள்.

ஸ்குரூவை மெதுவாக உட்காரும் வரை மூடுங்கள். இறுக்கினால் ஊசி முனை கெட்டுவிடும். ஒன்றரைச் சுற்றுத் திறந்து, படகைத் தண்ணீரில் நன்றாகக் கட்டி, மோட்டாரைச் சூடாக்கி, முன் கியரில் வைத்தே சரிசெய்யுங்கள். எட்டில் ஒரு சுற்றுத் திருப்பி, பத்துப் பதினைந்து விநாடி காத்திருங்கள். சத்தம் சீராகும் இடத்திலிருந்து ஒரு நூல் அதிகமாகவே பெட்ரோல் விடுங்கள். சில கார்புரேட்டர்களில் அந்த ஸ்குரூ காற்றுக்கானது, அதில் திசை தலைகீழ். உங்களுடையது உள்ளே திருகினால் பெட்ரோலைக் குறைக்கும் வகை என்று நீங்கள் சொன்னதிலிருந்தே தெரிகிறது.

கேள்வி கேட்டவர்

ஒன்றே முக்கால் சுற்றில் நின்றது. கியரில் 700 ஆர்பிஎம், தும்மல் இல்லை. கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுக் கீழ் பிளக்கைக் கழற்றினேன். காய்ந்து, மேல் பிளக்கின் அதே பழுப்பு.