போரின்போது ராணுவத்திடம் போன உல்லாச ஹோட்டல்கள்: குத்தகையா, கிரயமா?

கேள்வி: மலைச்சாரல்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பெரிய உல்லாச ஹோட்டல்கள் பல ராணுவத்தின் கைக்குப் போயின. ஹவாய்த் தீவின் வைகீகி கடற்கரையில் உள்ள ராயல் ஹவாயனைக் கடற்படை குத்தகைக்கு எடுத்தது. மேற்கு வர்ஜீனியாவின் கிரீன்பிரையரைத் தரைப்படை 1942-ல் 33 லட்சம் டாலர் கொடுத்து விலைக்கே வாங்கிவிட்டது. இரண்டும் ஆடம்பர ஹோட்டல்கள்தான். பிறகு ஏன் ஒன்று குத்தகை, ஒன்று கிரயம்? கட்டடத்துக்குள் என்னென்ன மாற்றினார்கள்? திரும்ப வரும்போது செலவு யார் தலையில் விழுந்தது? ஹோட்டல் நிர்வாகம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

பதில் 1: கணக்கப்பிள்ளை

எந்த வேலைக்கு எடுத்தார்கள் என்று பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

ராயல் ஹவாயன் ஓய்வு விடுதியானது. ரோந்து முடித்துத் திரும்பும் நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள்தான் அங்கே முக்கிய விருந்தாளிகள். கடற்படை மாதம் 17,500 டாலர் வாடகை கொடுத்தது. தங்கியவர்களிடம் வாங்கிய கட்டணம் அதிகாரிக்கு நாளுக்கு ஒரு டாலர், சிப்பாய்க்கு 25 சென்ட். படுக்கை, சாப்பாடு, கடல் குளியல் என்று ஹோட்டல் எப்போதும் செய்த வேலைதான். சுவரில் கை வைக்கத் தேவையில்லை, அதனால் குத்தகை போதும்.

கிரீன்பிரையர் 2,000 படுக்கைக்கு மேல் கொண்ட ஆஷ்ஃபோர்டு பொது மருத்துவமனையானது. அறுவை அரங்கு, எக்ஸ்ரே, ஆய்வகம் எல்லாம் வந்தபிறகு, "பழையபடி ஆக்கித் தருகிறோம்" என்று எந்த ராணுவமும் ஒப்பந்தத்தில் எழுதித் தராது. அந்த ஷரத்தின் செலவைவிட கிரயம் மலிவு. இது என் கணிப்பு.

பதில் 2: கொதிகலன்

கட்டடத்துக்குள் நடப்பதை நான் சொல்கிறேன்.

மலைவாச ஹோட்டலை மருத்துவமனைக்குத் தேடிப் போவதற்குக் காரணம் உண்டு. சொந்தக் கொதிகலன், சலவைக்கூடம், பெரிய சமையலறை ஆகியவை முன்பே இருக்கும். கிரீன்பிரையருக்கு எதிரிலேயே ரயில் நிலையம். காயம்பட்டவர்களை ரயிலிலிருந்து நேராகக் கொண்டுவரலாம்.

சிக்கல் முதலில் சமையலறையில்தான் தலைகாட்டும். ஹோட்டலில் விருந்தினர் மூன்று மணி நேரத்துக்குள் அவரவர் வசதிப்படி சாப்பிட வருவார்கள். ராணுவத்தில் மணியடித்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் வருவார்கள். பாத்திரம் கழுவும் தண்ணீரும் ஒரே நேரத்தில் பாயும். சாக்கடைக்கு முன்னால் இருக்கும் எண்ணெய்ப் பொறியில் தண்ணீர் கொஞ்ச நேரம் தங்கினால்தான் கொழுப்பு குளிர்ந்து மேலே மிதக்கும். ஓட்டம் மும்மடங்கானால் சூடு ஆறாமலே கொழுப்பு கடந்துபோய், வெளிக் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். பொறியை அடிக்கடி வழித்தெடுப்பதோடு நிறுத்தினால் போதாது. சாப்பாட்டைப் பந்தி பிரித்துப் போட வேண்டும், இல்லையென்றால் பெரிய பொறி வைக்க வேண்டும்.

வெந்நீரும் அப்படித்தான். எல்லாரும் ஒரே மணியில் குளிப்பார்கள் என்று தொட்டியைக் கணக்குப் போட்டவன் நினைத்திருக்க மாட்டான். மாடிவாரியாக நேரம் ஒதுக்குவதுதான் செலவில்லாத வழி.

இன்னும் சில: கைப்பிடியோடு ஸ்ட்ரெச்சர் ஏழரை அடி. பழைய விருந்தினர் லிஃப்டில் படுத்தபடி நுழையாது. சரக்கு லிஃப்டை ஒதுக்குவார்கள். எக்ஸ்ரே அறையின் ஈயத் தகடு கனம் என்பதால் அதைத் தரைத்தளத்தில் வைப்பதே நல்லது. லிஃப்ட் கிளம்பும்போது மின்னழுத்தம் சரிந்து படம் கெடாமலிருக்க எக்ஸ்ரேவுக்குத் தனி மின்தடம் வேண்டும். கம்பளங்களை முதல் வாரத்திலேயே சுருட்டிவிடுவார்கள்: தூசியும் தொற்றும் அதில்தான் தங்கும்.

மலைச்சாரல்

நன்றி. அப்படியானால் முதலாளிக்கு நஷ்டம்தானே? ஏன் சம்மதித்தார்கள்?

பதில் 3: கணக்கப்பிள்ளை

சம்மதிக்காமல் என்ன செய்வது? பெட்ரோல், டயர் எல்லாம் ரேஷன். ஃபுளோரிடா கரைக்கு அருகிலேயே ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களைத் தாக்கின. கரை விளக்குகளைத் தணிக்க உத்தரவு வந்தது. சுற்றுலா படுத்துவிட்டது. 1942 பிப்ரவரியில் மயாமி பீச்சில் விமானப்படை அதிகாரிப் பயிற்சிப் பள்ளி தொடங்கி, ஹோட்டல்களில் பயிற்சியாளர்கள் தங்கினார்கள். கோல்ஃப் மைதானம் அணிவகுப்புத் திடல். நடிகர் கிளார்க் கேபிள் அங்கே பயின்றவர். காலி அறைக்கு அரசு வாடகை வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

கிரீன்பிரையருக்கு அதற்கு முன்பே வேறு வாடிக்கை கிடைத்தது: 1941 டிசம்பர் முதல் 1942 ஜூலை வரை 201 நாள், அரசு அங்கே காவலில் வைத்த எதிரி நாட்டுத் தூதரகக் குடும்பங்கள். ஹோட்டல் ஊழியர்களே பரிமாறினார்கள். இங்கே மரியாதையாக நடத்தினால்தான் அங்கே மாட்டிக்கொண்ட அமெரிக்கத் தூதர்களுக்கும் அதே மரியாதை கிடைக்கும் என்ற கணக்கு.

பழைய உரிமையாளரான ரயில்வே கம்பெனி கிரீன்பிரையரைத் திரும்ப வாங்கியது 1946-ல், அதே 33 லட்சத்துக்கு. வாங்கியது வேலையில் பாதிகூட இல்லை. அலங்காரம் முழுக்க உள் அலங்கார நிபுணர் டோரதி டிரேப்பரிடம் ஒப்படைக்கப்பட்டு, 1948-ல்தான் மறுதிறப்பு. கம்பளம் மட்டும் 30 மைல் என்பார்கள். அந்தச் செலவு முழுக்க ரயில்வே கம்பெனியுடையது.

நெடுநாள் மீளாத கதையும் உண்டு. ஃபுளோரிடாவில் கோரல் கேபிள்ஸின் பில்ட்மோர் ஹோட்டல் 1942-ல் மருத்துவமனையானது. ஜன்னல்களைக் கான்கிரீட்டால் அடைத்தார்கள், தரையில் லினோலியம் ஒட்டினார்கள். முன்னாள் படைவீரர் மருத்துவமனையாக 1968 வரை அப்படியே இருந்தது.

பதில் 4: பத்திரம்

பிரிட்டனில் விலை பேச இடமே இல்லை; கட்டாயக் கையகம். 1939-ன் இழப்பீட்டுச் சட்டப்படி, கையகப்படுத்துவதற்குச் சற்று முன்பு அந்த இடத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய வாடகையும், சாதாரணத் தேய்மானம் நீங்கலான சேதத்தைச் சரிசெய்யும் செலவும் கிடைக்கும். வியாபார நஷ்டம், வாடிக்கையாளர் போனது எதுவும் கணக்கில் வராது. இதற்கு முன்னோடி 1920-ன் டி கீசர் ஹோட்டல் வழக்கு: முதல் உலகப் போரில் விமானப்படைக்காக எடுத்த லண்டன் ஹோட்டலுக்கு அரசு மனமுவந்து ஏதோ கொடுத்தால் போதாது, சட்டப்படி ஈடு தந்தாக வேண்டும் என்று அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

வழக்கு பெரும்பாலும் அந்த "சாதாரணத் தேய்மானம்" என்பதில்தான் வரும். லாடம் வைத்த பூட்ஸ் போன மரப்படியில் எது தேய்மானம், எது சேதம்? ஒப்படைக்கும் நாளில் அறைவாரியாகப் பட்டியல், புகைப்படம், இரு தரப்புக் கையெழுத்து இருந்தால் பேசலாம். மேஜை, நாற்காலியைப் பட்டியலில் எழுதிவிட்டு, கதவுக் குமிழ், பூட்டு, குளியல் குழாய், விளக்குக் கவசத்தை விட்டுவிடுவார்கள். திரும்பி வரும்போது அதிகம் காணாமல் போவது அவைதான்.