ஆமோஸ் அண்ட் ஆண்டி: வானொலியில் ஓடியது டிவியில் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: கறுப்பினப் பாத்திரங்களை வைத்து அமெரிக்க வானொலியில் 1928 முதல் பல வருஷம் ஓடிய இந்த நகைச்சுவைத் தொடர், சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்தின் டிவியில் 1951-53 இரண்டே வருஷத்தில் முடிந்துவிட்டது. டிவியில் நடித்தவர்கள் கறுப்பினத்தவர்தானே, பிறகு என்ன பிரச்சினை?

பதில் 1: நடிகர்கள் மாறினார்களே தவிர பாத்திரங்கள் மாறவில்லை. வானொலியில் ஃப்ரீமன் காஸ்டன், சார்லஸ் காரெல் என்ற இரண்டு வெள்ளையர்கள்தான் ஆமோஸ், ஆண்டி. மைக்குக்கு ஒட்டிப் பேசினால் ஆண்டியின் கட்டைக் குரல், தள்ளி நின்றால் வேறு ஆள். கொச்சை உச்சரிப்பு, தப்புத்தப்பான பெரிய வார்த்தைகள் எல்லாமே வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரைக் கேலி செய்து ஆடிய மின்ஸ்ட்ரல் மேடையின் சரக்கு.

பதில் 2: பியூலா என்ற இன்னொரு நகைச்சுவைப் பாத்திரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கறுப்பினப் பணிப்பெண்ணுக்கு வானொலியில் முதலில் குரல் கொடுத்தது மார்லின் ஹர்ட் என்ற வெள்ளைக்கார ஆண். ஸ்டுடியோவில் முதுகைக் காட்டி நிற்பார். சட்டென்று திரும்பி அந்தக் குரலில் கத்தியதும் கூட்டம் சிரித்து உருளும். வீட்டில் கேட்டவர்களுக்கு அந்தச் சிரிப்பின் காரணமே தெரியாது. 1947-ல்தான் கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டேனியல் அந்தப் பாத்திரத்துக்கு வந்தார்.

பதில் 1: எதிர்ப்பு டிவியோடு தொடங்கவில்லை. பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினத்தவர் பத்திரிகை 1931-லேயே கையெழுத்து இயக்கம் நடத்தியது. 1951-ல் கறுப்பினத்தவர் உரிமை அமைப்பான என்ஏஏசிபி வெளிப்படையாகக் கண்டித்தது. அவர்கள் வாதம் நியாயமானது: வக்கீல், டாக்டர்கூட ஏமாற்றுக்காரர்களாகவே வந்தார்கள், எதிர்முனையில் காட்ட வேறு தொடரும் இல்லை. ஒரு திருத்தம், 1953-ல் முழுசாக முடியவில்லை. ஃபிலிமில் எடுத்ததால் உள்ளூர் நிலையங்களில் மறுஒளிபரப்பு ஓடியது. 1966-ல்தான் சிபிஎஸ் அந்த நிலையங்களுக்குத் தொடரை விற்பதை நிறுத்தியது.