கூட்ட அறைக் காணொளிக் கருவியை அனுமதியின்றிப் பாவிப்பதைத் தடுப்பது எவ்வாறு?

கேள்வி (அலுவலக நிர்வாகி, ஹட்டன்)

எங்கள் கிளை அலுவலகத்தின் கூட்ட அறையில், கொழும்புத் தலைமையகத்துடன் மாதாந்தக் கலந்துரையாடல் நடத்துவதற்காகக் காணொளிக் கருவி ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. கடந்த போயா விடுமுறைக்கு மறுநாள் காலை அறையைத் திறந்தபோது, எப்போதும் கதவைப் பார்த்திருக்கும் கமெரா வெண்பலகையை நோக்கித் திரும்பியிருந்தது. சம்பள முன்மொழிவுகள் அதில் அழிக்கப்படாமலே இருந்தன. கருவியின் அழைப்புப் பட்டியலில் விடுமுறை நாளன்று மூன்று அழைப்புகள் பதிவாகியுள்ளன. சாவி தேநீர் அறைக் கதவின் பின்னால் ஆணியில் தொங்குகிறது. கடவுச்சொல்லும் திரைக்குக் கீழே மஞ்சள் துண்டில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. அன்று துப்புரவுக்கு வந்த அக்கா மீதே எல்லோருடைய சந்தேகமும் விழுந்திருப்பது எனக்கு மிகுந்த வேதனையளிக்கிறது. அறையைப் பூட்டி வைத்தால் போதுமா?

பதில் (வலையமைப்புப் பொறியியலாளர், கண்டி)

அவரிடம் எதையும் கேட்பதற்கு முன்னர், அந்த அழைப்புகள் உள்வந்தவையா, வெளிச்சென்றவையா என்று பாருங்கள். உள்வரும் அழைப்பைத் தானாகவே ஏற்கும்படி கருவி அமைக்கப்பட்டிருந்தால், அறையில் ஆளே இல்லாமல் இணைப்பு ஏற்பட்டுவிடும்; மறுமுனையில் இருப்பவர் கமெராவைத் திருப்பி, எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்க்கவும் பல கருவிகள் இடமளிக்கின்றன. 2012 ஜனவரியில், ரேப்பிட்7 என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த எச். டி. மூர், ஆயிரக்கணக்கான கூட்ட அறைக் கருவிகள் இப்படியே இணையத்தில் திறந்து கிடந்ததை வெளிப்படுத்தினார். அழைத்தவர் பெயர் "சிஸ்கோ" என்றிருந்தால், வலையமைப்புக் கருவிகள் தயாரிக்கும் அந்நிறுவனமே அழைத்தது என்று எண்ண வேண்டாம். திறந்த கருவிகளைத் தேடியலையும் நிரல்கள் அப்பெயரைப் பாவிப்பதுண்டு.

ஆகவே, தானாகப் பதிலளிக்கும் வசதியையும், மறுமுனையிலிருந்து கமெராவை இயக்கும் வசதியையும் இன்றே நிறுத்துங்கள். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, மென்பொருளைப் புதுப்பியுங்கள். கருவிக்குப் பொது ஐபி முகவரி (இணையத்தில் எங்கிருந்தும் அணுகக்கூடிய முகவரி) நேரடியாகக் கொடுக்கப்பட்டிருந்தால் அதுதான் மூல காரணம். கருவியை, வெளி இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வோலுக்குப் பின்னால் தனி வலையமைப்பில் வைத்து, காணொளி அழைப்புகள் வந்துசேரும் வாயில்களான 1720, 5060 ஆகிய போர்ட்களுக்கு வெளியிலிருந்து வருபவற்றைத் தலைமையகத்தின் முகவரிக்கு மட்டும் அனுமதியுங்கள். இடிமின்னலுக்குப் பயந்து பிளக்கைக் கழற்றும் நாம், கூட்டம் முடிந்ததும் அதையே செய்தால் பாதித் தொல்லை ஒழியும்.

பதில் (ஓய்வுபெற்ற தலைமை லிகிதர், பண்டாரவளை)

கண்டியிலிருந்து எழுதியவர் சொன்னவை அனைத்தும் சரி. எனினும் உள்ளிருப்போர் பாவனைக்கும் ஒழுங்கு தேவை. தோட்டக் குடியிருப்புகளில் சிக்னல் கிடைக்காமல், பிள்ளையின் நேர்முகத் தேர்வுக்காக அலுவலகக் கருவியை நாடும் ஊழியரைக் களவாளியாக்கக் கூடாது. எவரும் கேட்டுப் பெறக்கூடிய அனுமதியையும், பெயர், நேரம், நோக்கம் எழுதும் பதிவேட்டையும் வையுங்கள். வழி திறந்திருந்தால் ஒளிந்து பாவிப்பவர் குறைவர் என்பது என் அனுபவம். அனுமதியின்றிக் கணினியை அணுகுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றமாகும் என்பதையும் அறிவித்தலில் குறிப்பிடுங்கள். ஊழியர் சேமலாப நிதி விபரங்கள் திரையில் காட்டப்படும் அறை என்பதால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் தலைமையகம் கவனத்தில் எடுக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இரண்டு அழைப்புகள் உள்வந்தவை. இரண்டிலும் பெயர் "சிஸ்கோ" என்றே இருந்தது, தானாகப் பதிலளிக்கும் வசதியும் இயங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது வெளிச்சென்றது, யார் எடுத்தார் என்பது தெரியவில்லை, ஆனால் அக்கா வேலை முடித்துச் சென்று நெடுநேரத்தின் பின்னர், இரவு 7.40க்கு அது பதிவாகியிருக்கிறது. அவரிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். மஞ்சள் துண்டைக் கிழித்துவிட்டேன். சாவி இப்போது என் இழுப்பறையில், புதிய பதிவேட்டுடன் இருக்கிறது. பொது ஐபி முகவரி பற்றித் தலைமையகத்துக்கு எழுதிவிட்டு, பதில் வரும்வரை பிளக்கைக் கழற்றியே வைத்திருக்கிறேன்.